மறுபடி ஏறியவர்கள்

மூன்றாம் நாள் காலை எட்டே காலுக்குத்தான் பட்டனக்காவுக்கு முதல் பொறி தட்டியது. இடது காதில் பிளாஸ்டர் ஒட்டிய ஒரு மனிதர் படகில் ஏறினார். ஏறட்டும், படகு ஏறத்தானே இருக்கிறது. ஆனால் அதே பிளாஸ்டர் ஆறரைப் படகிலும் ஏறியது, ஏழே காலிலும் ஏறியது. அக்கரையில் இறங்கிய கையோடு திரும்பி வந்து, வரிசையில் நின்று, மறுபடி போகிற அளவுக்கு அந்த மனிதருக்கு அப்படி என்ன ஜோலி? கையில் பை இல்லை. சாப்பாட்டு டப்பா இல்லை. முகத்தில் அவசரம் என்பது மருந்துக்கும் இல்லை.

எண்ணும் பெட்டியின் பொத்தானை அமுக்கினாள். அது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன இரும்புப் பெட்டி. ஓர் அமுக்குக்கு ஓர் ஆள். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை இக்கரைத் துறையில் எத்தனை பேர் படகு ஏறுகிறார்கள் என்று எண்ண வேண்டும், அரை மணிக்கொரு தரம் தாளில் குறிக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு அவளுடைய வேலை அவ்வளவுதான்.

இதற்கு முன் பதினாறு வருஷம் சட்டைக் கம்பெனியில் பட்டன் சரிபார்த்தவள். நான்கு துளைப் பட்டனில் நூல் குறுக்கே ஓடாமல் நேராக ஓடியிருந்தால், நானூறு சட்டைக்கு நடுவிலும் அந்த ஒன்றை இழுத்து வெளியே போட்டுவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். கம்பெனி நகரத்துக்கு வெளியே பெரிய ரோட்டோரம் குடிபோனபோது பேர் மட்டும் அவளோடு நின்றது, வேலை நிற்கவில்லை. இங்கிருந்து அங்கே போக மூன்று பஸ், வர மூன்று பஸ். ஆறு மாதம் போய்ப் பார்த்தாள். வீட்டில் அவள் முகத்தை எல்லோரும் மறந்துவிடும்போல் இருந்தது. விட்டுவிட்டாள்.

நகரம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. இக்கரையில் இருந்தது புறநகர். அதிலும் இரண்டு பாதி. துறையைச் சுற்றிப் பழைய கிடங்குகளும் நெருக்கியடித்த தெருக்களுமாக ஒரு பாதி. பட்டனக்காவின் வீடு இங்கே. ஆற்றோடு மேலே போனால், பாலமும் சுற்றுச்சாலையும் சந்திக்கும் இடத்தில், இருபது மாடிக் கோபுரங்கள் முளைத்த இன்னொரு பாதி. நகரத்து ரயில் ஆற்றைத் தாண்டி வரப்போகிறது என்று அறிவித்துவிட்டார்கள். ஸ்டேஷன் ஒன்றுதான். துறைப் பக்கமா, கோபுரப் பக்கமா? எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்வோம் என்றது போக்குவரத்து அலுவலகம். துறையில் பட்டனக்காவையும், சுற்றுச்சாலை பஸ் நிறுத்தத்தில் இன்னொருவரையும் உட்கார வைத்தார்கள்.

இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவன் அவளுடைய கொழுந்தன். வீட்டு புரோக்கர். மேல்மாடியில் தனியாக இருந்துகொண்டு சாப்பாட்டுக்கு மட்டும் கீழே வருகிறவன். பிளாஸ்டர்காரர் மூன்றாம் முறை ஏறிய மறுநிமிஷமே பட்டனக்காவின் மனசு அவனிடம்தான் போய் நின்றது. காரணம் இருந்தது. துறைத் தெருவில் ஒரு பழைய கிடங்கை இடித்துக் குடியிருப்பு கட்டப்போவதாகப் பலகை வைத்திருந்தான். ‘ரயில் நிலையத்துக்கு நடந்தே மூன்று நிமிடம்’ என்று ஆளுயர எழுத்து. அதற்கு மேலே ‘உத்தேச’ என்பது மட்டும் எறும்பு ஊர்ந்தது போல.

‘சும்மா ஆடுமா குடுமி?’ என்று நினைத்துக்கொண்டாள். ‘அண்ணிக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணிக்காகவா, பலகைக்காகவா?’

மறுநாள் பையில் இன்னொரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போனாள். அலுவலகத் தாளில் எண்ணிக்கை, நோட்டில் ஆட்கள். ‘காது பிளாஸ்டர், மூன்று தடவை. பச்சைக் கம்பளிச் சட்டை அம்மா, இரண்டு. ஒரே மாதிரி மூக்குக்கண்ணாடி போட்ட அண்ணன் தம்பி, மூன்று. உயரமான ஆள், செருப்பில் வார் அறுந்தது, நான்கு.’ மறுபடி ஏறுகிறவர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு தடவை ஏறுகிறவர்களையும் ஞாபகம் வைக்க வேண்டும். ஆகவே அவர்களையும் எழுதினாள். முதல் படகில் ஆஸ்பத்திரியைப் பெருக்கித் துடைக்கப் போகிற பதினெட்டுப் பெண்கள். சக்கர நாற்காலியில் மகனைத் தள்ளிக்கொண்டு வரும் அம்மா. சைக்கிளோடு ஏறுகிற கொத்தனார்கள். எழுத எழுத நோட்டு தடித்தது.

அன்று இருபத்து மூன்று பேர் மறுபடி ஏறினார்கள். ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. அந்த இருபத்து மூன்றில் ஆண்கள் அத்தனை பேருக்கும் பிடரியில், முடி முடிகிற இடத்துக்குக் கீழே, வெயில் படாத வெளுத்த தோல் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு போட்டிருந்தது. பெண்களின் பின்னல் நுனியெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தது. ஏதோ அடையாளம் போலிருக்கிறது, ஆள் பிடிக்கிறவன் அடையாளம் வைத்துப் பிடிக்கிறான் என்று அதையும் எழுதிவைத்தாள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பஸ் டிரைவரான அவள் கணவர், கொழுந்தன், அப்புறம் நாத்தனார். நாத்தனார் கணவரின் அக்கா. புருஷன் போனபிறகு துறைக்கு எதிரில் சொந்தமாக சலூன் வைத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் தானே முடி வெட்டி, யார் கையையும் எதிர்பார்க்காமல் நிற்கிறவள். வாரத்தில் நாலு நாள் இங்கேதான் சாப்பாடு. பட்டனக்காவுக்கு இந்தக் குடும்பத்தில் அம்மா மாதிரி இருந்தது அவள்தான்.

“அண்ணி, இன்னிக்கு எவ்ளோ ஏறிச்சு?” என்று கேட்டான் கொழுந்தன்.

கேட்டான் பார்! உண்மையில் ஆயிரத்துத் தொண்ணூறு.

“எண்ணூறு தாண்டலை. ரொம்ப டல்லு,” என்றாள்.

“அச்சச்சோ,” என்றார் டிரைவர். அவருக்கு உலகத்தில் எல்லோரும் நல்லவர்கள், எல்லாச் செய்தியும் நிஜம். நாத்தனார் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்தன் தண்ணீர் குடித்தான். அவன் தண்ணீர் குடித்த விதமே பட்டனக்காவுக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் மறுபடி ஏறியவர்கள் அறுபத்தொரு பேர்.

நோட்டில் அந்த எண்ணைச் சுற்றிக் கட்டம் போட்டாள். கசிவு வீட்டுக்குள்ளிருந்துதான். நேற்றுச் சாப்பிட உட்கார்ந்த நாலு பேரைத் தவிர அந்த எண்ணூறு யாருக்கும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் கொழுந்தனைத் தனியாகப் பிடித்தாள். அவன் கேட்காமலே, “இன்னிக்கு எழுநூறுதாம்ப்பா. யார்கிட்டயும் சொல்லாதே,” என்றாள். அவன் அப்படியா என்று தலையைச் சொறிந்துகொண்டு மேலே போனான். இப்போது மாட்டினாய் என்று காத்திருந்தாள். மறுநாள் மறுபடி ஏறியவர்கள் நாற்பது பேர்தான். கூடவில்லை, குறைந்திருந்தது.

அப்படியானால் அவன் இல்லை. இத்தனை நாள் அவன் தட்டில் இரண்டு கரண்டி குறைத்துப் போட்டது அநியாயம் என்று ஆகிவிட்டது. சரி, அவன் இல்லையென்றால்?

அவள் மனசு அடுத்த ஆளிடம் போக மறுத்தது. பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர். சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பவர். கடைக்காரன் அழுகிய பழத்தைக் கொடுத்தாலும் ‘பாவம், அவனுக்குத் தெரியாம இருந்திருக்கும்’ என்பவர். ஆனால் மனசு மறுத்தாலும் சந்தேகம் விடுமா? அது காலில் தைத்த முள். எடுத்துப் பார்க்காமல் ஓரடி வைக்க முடியாது.

ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய், “இன்னிக்கு அறுநூத்தம்பதுதாங்க,” என்றாள்.

“ஐயோ பாவமே,” என்றார் அவர், பிரஷ்ஷை நிறுத்தி. “நம்ம பக்கம் ஸ்டேஷன் வராது போலிருக்கே.”

மறுநாள் நூற்றுப் பன்னிரண்டு.

துறையிலிருந்து வீடு பத்து நிமிஷ நடை. அன்று அவள் அந்தத் தெருவில் நடந்தபோது பத்தொன்பது வருஷமும் ஒவ்வொன்றாக வேறு நிறத்தில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ட்ரா டூட்டி என்று போனது நிஜமா? கால் வலிக்கிறது என்று சீக்கிரம் படுத்தது நிஜமா? ஒரு மனிதன் இவ்வளவு நல்லவனாக இருக்க வாய்ப்பே இல்லை என்று இத்தனை வருஷமாக அவளுக்கு ஏன் தோன்றவில்லை? ஆணியில் தொங்கிய, நேற்று அவர் போட்டிருந்த சீருடைச் சட்டைப் பையில் கைவிட்டாள். இருமல் மாத்திரை இரண்டு. சில்லறை. மடித்த டிரிப் ஷீட் ஒன்று. அதன் பின்பக்கம் அவருடைய குண்டு எழுத்தில்: 1140, 1125, 800, கடைசியில் 650.

அவர் டூட்டி முடிந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் அந்தத் தாளை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது என்ன?”

“நீ சொன்ன நம்பர்.”

“எதுக்கு எழுதி வச்சிருக்கீங்க? யாருக்குக் கொடுக்கறீங்க?”

“எனக்குத்தான் நம்பர் ஞாபகம் இருக்காதே. அக்கா தினம் கேட்பா. துறை ஸ்டாப்ல வண்டி நிக்கறப்ப ஓடி வந்து கேட்பா. தப்பாச் சொல்லிடக்கூடாதுன்னு எழுதிவச்சேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஏன், சொல்லக்கூடாதா?” என்றார்.

அக்கா. சலூன். வெளுத்த பிடரி. ஸ்கேல் வைத்து வெட்டின பின்னல். காதில் பிளாஸ்டர்! பட்டனக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எண்ணூறைச் சொன்னது, எழுநூறைச் சொன்னது, அறுநூற்றைம்பதைச் சொன்னது.

டிரைவர் சிரிக்கவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ இந்த அறுநூத்தம்பது பொய்யா?”

“ஆமாங்க. யாருன்னு தெரிஞ்சுக்கத்தான்…”

“எனக்கு மட்டும் சொன்னியே.”

“ஆமா.”

“என்னையும் சோதிச்சிருக்கே,” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். எழுந்துபோய்க் கை கழுவினார்.

மறுநாள் பிற்பகல் சலூனில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். “நுனி மட்டும் வெட்டணும்க்கா.”

நாத்தனார் துணியைப் போர்த்தி, தலையில் தண்ணீர் தெளித்துச் சீவினாள். இரண்டு பேரும் கண்ணாடிக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அந்தப் பெரியவர் காதுல வெட்டினது நீங்களாக்கா?”

கத்தரி நின்றது. ஒரு நொடிதான்.

“அவர் தலையை ஆட்டினார். நான் என்ன பண்ணட்டும்?”

“ஓசியில வெட்டி விடறீங்களா?”

“முதல்ல கட்டிங், அதுக்குப் பதிலா மூணு தடவை படகுல போய் வரணும். எல்லார்கிட்டயும் மாசச் சீட்டு இருக்கு, படகுக்குத் தனியா காசு கிடையாது. பொம்பளைங்களுக்கு அலசி, நுனி வெட்டி விடறேன்.” அவள் குரலில் கூச்சமே இல்லை. “முதல்ல இருபது சொச்சம் பேர்தான். அன்னிக்குச் சாப்பிடறப்ப நீ எண்ணூறுன்னு சொன்னியா, பகீர்னுது. தெருத்தெருவா போய்க் கூப்பிட்டேன். நேத்துக்கு முன்னாடி நாள் வெட்டி வெட்டி எனக்கு மணிக்கட்டே வீங்கிப்போச்சு.”

“ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?”

“உன் மூஞ்சி இருக்கே, இந்தக் கண்ணாடி மாதிரி. உள்ளே எதையும் வச்சுக்கத் தெரியாது. உன் சூப்பர்வைசர் வந்து எதிர்ல நின்னா ரெண்டு நிமிஷத்துல உளறிக் கொட்டிடுவே.” இரண்டு விரலில் முடியைப் பிடித்து வெட்டினாள். “அந்தப் பக்கம் மட்டும் யோக்கியமா? ஆபீஸ் பஸ்ல ஆளை ஏத்தி, பாலத்தைச் சுத்தி, மறுபடி அதே ஸ்டாப்ல இறக்கி ஏத்தறானாம். கோபுரம் கட்டினவன் ஏற்பாடு. அவன் மூணு சுத்து விட்டா நாங்க மூணு சுத்து விடக்கூடாதா? ஸ்டேஷன் அங்கே போச்சுன்னா படகை நிறுத்திடுவான். படகு நின்னா இந்தத் தெருவுல காக்கா கூட வராது.”

“யாருக்கா பார்த்தது, அவங்க சுத்தறதை?”

“ஊரே சொல்லுது.”

ஊர் என்பது யார், அதற்கு எந்தக் கண், எந்தக் காலையில் பார்த்தது? பட்டனக்கா கேட்கவில்லை. நிறுத்துங்கள் என்றாள். இன்னும் எட்டு நாள்தானே, நீ பொத்தானை மட்டும் அமுக்கு என்றாள் நாத்தனார்.

புதன்கிழமை பட்டனக்காவுக்கு லீவு. அன்று துறையில் வேறொருத்தி உட்காருவாள். விடிந்ததும் சுற்றுச்சாலை நிறுத்தத்துக்குப் போனாள். மேற்கூரை இல்லாத நிறுத்தம். எண்ணுகிறவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். குடையை முதுகில் சொருகிக்கொண்டு தலை நிமிராமல் அமுக்கிக்கொண்டிருந்தார். பட்டனக்கா எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்று நோட்டைத் திறந்தாள். ஐந்து ஐந்து கோடாகப் போட ஆரம்பித்தாள்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தது கூட்டம். கோபுரங்களின் வாசல்களிலிருந்து, அதற்குப் பின்னால் அவள் பார்த்தேயிராத புதுத் தெருக்களிலிருந்து, சாரை சாரையாக வந்தார்கள். பஸ் வந்து நிற்பதற்குள் கதவில் ஒட்டிக்கொண்டார்கள். ஒரு பஸ் நிற்காமலே போனது. நூறு வாய் ஒரே நேரத்தில் திட்டியது. பட்டனக்கா சட்டையை, செருப்பை, பையை, பிடரியை எல்லாம் பார்த்தாள். பதினாறு வருஷம் பழக்கப்பட்ட கண் அது. மறுபடி வந்த ஒரு முகத்தைக்கூட அதனால் பிடிக்க முடியவில்லை. போனவர்கள் போனவர்கள்தான். ஒன்பது மணிக்குக் கோடுகளைக் கூட்டினாள். ஆயிரத்து அறுநூற்று நாற்பது. துறையில் எட்டு மணி நேரத்தில் ஏறுகிறதைவிட இங்கே இரண்டு மணி நேரத்தில் அதிகம்.

“ஏய், பட்டனக்கா!” யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். இந்தப் பக்கமே குடிவந்துவிட்டாளாம். “இங்கேயிருந்து கம்பெனிக்கு ஒரே பஸ்க்கா, கிடைச்சா. ரயில் வந்துட்டா இருபது நிமிஷம். நீங்களும் திரும்பி வந்துடுங்களேன், ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த இருபது நிமிஷம் காதுக்குள் கொசுவாகச் சுற்றியது. ஸ்டேஷன் கோபுரப் பக்கம் வந்தால் தனக்கும் லாபமிருக்கிறது. அப்படியானால், தான் சரியாகத்தான் எண்ணினேனா? மறுபடி வந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று கண் தானாகவே தீர்மானித்துவிட்டதோ? அன்றைக்கு அவள் தன்னையும் சந்தேகப்பட்டாள். அடுத்த புதன்கிழமையும் போய் இன்னொரு தடவை எண்ணினாள். ஆயிரத்து அறுநூற்று எழுபது.

முதல் புதன்கிழமை சாயங்காலமே நாத்தனாரிடம் போய்ச் சொல்லியிருந்தாள். “அங்கே யாரும் சுத்தலைக்கா. நான் கண்ணால பார்த்தேன். நிஜமாவே அவ்ளோ ஜனம் இருக்கு. நீங்க நூறு பேர் இல்லை, ஐந்நூறு பேரை விட்டாலும் எட்டாது.”

நாத்தனார் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“யார் உன்னை அங்கே போகச் சொன்னது?”

“யாரும் சொல்லலை. நானாத்தான்.”

“லீவு நாள்ல, நீயா, வேலை மெனக்கெட்டு?” அவள் பட்டனக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். பதினாறு வருஷம் பட்டனக்கா சட்டைகளைப் பார்த்த அதே பார்வை. “கோபுரத்துக்காரன் என்ன தரேன்னான்?”

பட்டனக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மறுநாளிலிருந்து மறுபடி ஏறுகிறவர்களுக்குப் பொத்தானை அமுக்குவதை விட்டுவிட்டாள். காது பிளாஸ்டர் பெரியவர் இரண்டாம் தடவை வரிசையில் வந்தபோது பெட்டியை மடியில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் அவள் வந்ததும் பேச்சு நின்றது. அவள் மேல் பழியைப் போட ஆளுக்கொரு கதை கிடைத்தது: கோபுரத்தில் அவளுக்கு ஒரு வீடு எழுதிவைத்திருக்கிறார்களாம், கொழுந்தன் வழியாக. தான் அவனுக்காக ஒரு வாரம் பின்னிய கதை தனக்கே வந்து சேர்ந்திருந்தது. கொழுந்தனோ ஒன்றும் அறியாமல், “என்ன அண்ணி, நமக்கு வீடு கிடைச்சிருக்காமே, சாவி எங்கே?” என்று சிரித்துக்கொண்டு வந்தான். அன்று அவன் தட்டில் மூன்று கரண்டி அதிகமாக விழுந்தது.

கடைசி நாள் சூப்பர்வைசர் வந்தார். பிளாஸ்கும் கோப்புமாக எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனிதர். நாத்தனார் சொன்னது சரிதான். எதிரில் வந்து நின்று இரண்டு நிமிஷம் ஆவதற்குள் பட்டனக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யார் ஏற்பாடு என்பதை மட்டும் சொல்லவில்லை.

“எங்களுக்கு ஆள் முக்கியமில்லைம்மா. ஏறினதுதான் கணக்கு. ஒரே ஆள் பத்துத் தடவை ஏறினாலும் ஏறினது பத்து,” என்று கொட்டாவி விட்டார்.

“அது நியாயமா சார்?”

“நியாயமான்னு தாள்ல ஒரு கட்டம் இருக்கா?”

அவள் விடவில்லை. நோட்டிலிருந்து பிரதி எடுத்திருந்த ஆறு தாள்களை நீட்டினாள். மறுபடி ஏறியவர்கள் எந்த நாளில் எத்தனை என்பது முதல் தாள். மீதி ஐந்தும் நிஜமாகவே ஏறியவர்கள். முதல் படகின் பதினெட்டுப் பெண்கள், அந்த நேரத்துக்கு வேறு வண்டி இல்லை. சக்கர நாற்காலிகள், பாலத்து பஸ்ஸில் ஏற்ற முடியாதவை. சைக்கிள்கள். அக்கரைப் பள்ளிக்கூடத்து ஆயாக்கள். “ஸ்டேஷன் அங்கேயே வரட்டும் சார். அங்கேதான் ஜனம். ஆனா படகை நிறுத்தினா இவங்க எதுல போவாங்கன்னு பார்க்கச் சொல்லுங்க.”

அவர் தாள்களை வாங்கினார். படிக்கவில்லை. கோப்புக்குள் வைத்து, கோப்பின் மேல் பிளாஸ்கை வைத்தார். பிளாஸ்கின் அடியிலிருந்து டீ வழிந்து கோப்பில் வட்டமாகப் படிந்தது. தெரு முனையில் இருக்கும் குப்பைத் தொட்டி வரைக்கும் அவள் கண் அவரைப் பின்தொடர்ந்தது. தொட்டியைத் தாண்டிப் போனார். அதற்கப்புறம் எத்தனை தொட்டியோ.

நாலு மாதம் கழித்துத் துறையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஸ்டேஷன் கோபுரப் பக்கம். படகு தொடரும், பத்து மணிக்குமேல் அரை மணிக்கு ஒன்று. துறையிலிருந்து சுற்றுச்சாலைக்கு ஒரு சின்ன பஸ், விடியற்காலை ஐந்தரையிலிருந்து. நாலாவது வரியில் ‘முதல் படகை நம்பியுள்ள துப்புரவுப் பணியாளர்களைக் கருத்தில் கொண்டு’ என்று இருந்தது. பட்டனக்கா அந்த வரியை நாலு தடவை படித்தாள். அது தன்னுடைய தாளிலிருந்து போனதா, இல்லை அலுவலகத்தில் யாருக்காவது தானாகவே தோன்றியதா? சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கேட்டாள். “எந்தத் தாள்மா?” என்றார் அவர். நடிக்கிறாரா, மறந்துவிட்டாரா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாத்தனார் அதுவரைக்கும் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் யாரும் கூப்பிடாமல் உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றினாள், கை கழுவினாள், பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பட்டனக்கா தட்டு வைத்தாள். நாலு வாய் சாப்பிட்டபிறகு, சுவரைப் பார்த்து, “உப்பு கொஞ்சம் கம்மி,” என்றாள். பட்டனக்கா உப்பு ஜாடியை நகர்த்தினாள். ஸ்டேஷன் வருகிற இடத்தில் குட்டியாக ஒரு கடை வாடகைக்குப் பார்க்கச் சொல்லி அவள் கொழுந்தனிடம் கேட்டது பிறகுதான் தெரிந்தது.

டிரைவர் விஷயம் மட்டும் அவ்வளவு சுலபத்தில் ஆறவில்லை. அவர் சண்டை போடவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. சம்பளக் கவர் அதேபோல் பிரிக்காமல்தான் வந்தது. ஆனால் அவள் எதையாவது சொன்னால், “இது நெஜ நம்பரா, சோதனை நம்பரா?” என்பார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பத்தாவது தடவை அவள் மட்டும் சிரித்தாள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்ப்பார். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஒரு நொடி இருந்ததே இல்லை.

மழை விட்ட ஒரு மாலையில் அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கம் இன்னொரு புறநகரில் ஆறு வாரம் எண்ண வேண்டுமாம், அவளையே கேட்டிருந்தார்கள். அவர் வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்.

“மறுபடி கூப்பிட்டிருக்காங்க. ஆறு வாரம்.”

அவர் பார்த்தார். அந்த ஒரு நொடி. அவள் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வேண்டாம் என்று தள்ளிவிடுவார் என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கீழே முத்திரை வரைக்கும், உதடு அசைய, நிதானமாகப் படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தார்.

“ஏழு மணிக்கு அங்கே இருக்கணும்னு போட்டிருக்கு,” என்றார், கடிதத்தை மடித்துக்கொண்டே. “ஐந்தரை பஸ்ஸை நம்பாதே, முதல் ஒரு மாசத்துக்கு அது நேரத்துக்கு வராது. முதல் படகுல அக்கரைக்குப் போயிடு. அங்கே இறங்கினதும் இடது பக்கம் எங்க டிப்போ வண்டி ஒண்ணு நிக்கும். டிரைவர்கிட்ட என் பேரைச் சொல்லு.”

“சரிங்க,” என்றாள் அவள்.

“அவன் நல்லவன்,” என்றார். பிறகு ஏதோ யோசித்து, “எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்,” என்று சேர்த்துக்கொண்டார்.